யாரைப் போடலாம்

நான் ராயகிரிக்கு மாற்றலாகி வந்து நான்கு வருஷமாகிறது. இந்த நான்கு வருஷத்தில் இந்த ஊரில் யாரும் கால்பந்தை உதைத்து நான் பார்த்ததில்லை. கபடி உண்டு. சாயங்காலங்களில் வாலிபால் உண்டு. ஆனால் 2025 ஜூலையில், இந்தியக் கால்பந்து அணிக்கு யார் பயிற்சியாளராக வரவேண்டும் என்பதில் அபிப்ராயம் இல்லாத ஒருவனைக்கூட எங்கள் டீக்கடை பெஞ்சில் நான் சந்திக்கவில்லை.

பெஞ்சில் வழக்கமாக ஐந்து பேர். ஒருவன் கேரளாவில் இரண்டு வருஷம் டைல்ஸ் ஒட்டப் போய், அங்கிருந்து கால்பந்துப் பைத்தியத்தோடு திரும்பியவன். மற்ற மூவருக்கும் அவன்தான் அதைத் தொற்றவைத்தான். அவர்களில் இரண்டு பேர் இஞ்சினீயரிங் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருப்பவர்கள். ஒருவன் புளியங்குடியில் எலுமிச்சை மண்டியில் கணக்கு எழுதுகிறான். ஐந்தாமவன் கடைக்காரரின் மகன். டீயும் ஆற்றுவான், வாதமும் செய்வான். ஆறாவதாக நான், நகைக்கடன் கணக்குகளை முடித்துவிட்டு ஆறு மணிக்கு வந்து உட்காரும் வங்கிக் குமாஸ்தா. மேற்கே மலை கறுத்துக்கொண்டு வரும் நேரம் அது. என்னை அவர்கள் வாதத்தில் சேர்த்துக்கொள்வதில்லை. மரியாதைக்கு நடுவில் இடம் விடுவார்கள், அவ்வளவுதான்.

நடந்தது இது. ஜூன் 10ஆம் தேதி ஹாங்காங்கிடம் இந்தியா ஒரு கோலில் தோற்றது. மனோலோ மார்க்கேஸ் என்கிற ஸ்பானியர் ஜூலைத் தொடக்கத்தில் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து விலகினார். அவர் பொறுப்பில் ஆடிய எட்டு ஆட்டங்களில் வெற்றி ஒன்றே ஒன்று. சம்மேளனம் விண்ணப்பம் கோரியது. 170 விண்ணப்பங்கள் வந்தன. ஐ.எம். விஜயன் தலைமையிலான தொழில்நுட்பக் குழு அவற்றிலிருந்து மூன்று பெயர்களைப் பொறுக்கியது: காலித் ஜமீல், ஸ்டீபன் கான்ஸ்டன்டைன், ஸ்லோவாகியாவின் ஸ்டெஃபான் தார்க்கோவிச்.

"வெளிநாட்டுக்காரன்தான் வேணும். நம்மாளுன்னா நாலு பேருக்குப் பயப்படுவான்" என்றான் டைல்ஸ்காரன்.

"லே, இத்தன வருஷமா வெளிநாட்டுக்காரன்தான இருந்தான். என்னத்தக் கிழிச்சான்?"

"கான்ஸ்டன்டைனே வரட்டும். ரெண்டு தடவ இருந்தவன். தெரிஞ்ச பிசாசு."

"காலித்துக்குக் குடுங்கலே. ஐஸால ஜெயிக்க வச்ச மனுஷன்."

இந்த நிலையில் பார்சிலோனாவின் ஸாவியே விண்ணப்பித்திருந்தார் என்றும், சம்பளம் கட்டுப்படியாகாது என்று அவரை விட்டுவிட்டார்கள் என்றும் செய்தி வந்தது. பெஞ்சு இரண்டு நாள் தூங்கவில்லை. அடுத்து சம்மேளனமே அறிக்கை விட்டது: ஸாவியின் பெயரிலும் பெப் கார்டியோலாவின் பெயரிலும் மின்னஞ்சல்கள் வந்தது உண்மை, ஆனால் அவை அவர்களுடையவை அல்ல. வேலூரில் படிக்கும் ஒரு மாணவன், ஸாவி பெயரில் எழுதியது தான்தான் என்று சொன்னதாகவும் செய்தி வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அந்தப் பையன் மேல் சிரிப்பு வரவில்லை. ஒரு ரசிகனுக்கு இந்த விஷயத்தில் செய்ய முடிகிற ஒரே காரியத்தை அவன் செய்திருக்கிறான். பெயரைச் சொல்லியிருக்கிறான். மற்றவர்கள் டீக்கடையில் சொன்னதை அவன் விண்ணப்பமாக அனுப்பிவிட்டான்.

பெஞ்சில் ஒருநாள் நானும் வாயைத் திறந்தேன். கேரளா முதன்முதலாக 1973இல் சந்தோஷ் டிராபியை வாங்கியபோது அந்த அணிக்குப் பயிற்சி தந்தவர் ஒரு தமிழர், 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் ஆடிய சைமன் சுந்தரராஜ் என்றேன். "அப்படியா சார்" என்று டைல்ஸ்காரன் நிஜமான மரியாதையோடு சொன்னான். பிறகு ஸாவிக்குத் திரும்பிவிட்டான்.

அவர்களுடைய வாதத்தில் என்னை உறுத்தியது அறியாமை அல்ல. பெஞ்சுக்கு ஐஸால் தெரியும், ஜம்ஷெட்பூர் தெரியும், இன்னார் எந்த வருஷம் எந்த அணியில் இருந்தார் என்று தெரியும். பெயர்கள் நிறைய இருந்தன. காரணங்கள்தான் இல்லை. இருந்த காரணங்களும் பெயரைத் தேர்ந்த பிறகு அதற்குச் சட்டைபோல மாட்டப்பட்டவை. வெளிநாட்டுக்காரன் வேண்டும் என்றவனுக்குக் கேரளாவில் அவனை வேலை வாங்கிய மேஸ்திரி மேல் கோபம் இருந்தது. நம்மாள் என்ற சொல் அவன் வாயில் அந்த மேஸ்திரியாகத்தான் வந்தது. நம்மாளுக்குக் கொடுங்கள் என்றவன் மூன்று நேர்முகத் தேர்வுகளில் வெளியூர்க்காரர்களிடம் தோற்றுவிட்டு வந்திருந்தான். யாரைப் போடலாம் என்ற கேள்விக்கு அவனவன் தன்னைப் பற்றித்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

எல்லா ஊரிலும் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. கல்கத்தாவில் ஒரு தலைமுறை பி.கே. பானர்ஜியா அமல் தத்தாவா என்று வாதாடியிருக்கிறது. அங்கே வாதத்துக்கு ஒரு பொருள் இருந்தது. 1997இல் மோகன் பகான் அணிக்கு அமல் தத்தா ஒரு முறையைக் கொண்டுவந்தார். நடுக்களத்து நால்வரை வைரத்தின் நான்கு முனைகள்போல நிறுத்தி, அணியையே தாக்குதலுக்கு அனுப்பும் முறை. கோல்கள் குவிந்தன. அந்த வருஷம் ஜூலை 13ஆம் தேதி ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் பி.கே.யின் ஈஸ்ட் பெங்கால் எதிரே வந்தது. ஆட்டத்துக்கு முன்னால் அமல் தத்தா எதிரணி வீரர்களைக் கேலி செய்து பேசினார். சால்ட் லேக் மைதானத்தில் ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல். பைச்சுங் பூட்டியா மூன்று கோல் போட, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று ஜெயித்தது. அன்று தோற்றது அமல் தத்தாவா, அந்த வைரமா, அவருடைய வாயா என்று இன்றைக்கும் அங்கே ஒருவன் விவாதிக்கலாம். விவாதிக்கப் பெயர்களைத் தவிர வேறொன்றும் இருக்கிறது.

நம்முடைய சிறு வட்டத்திலும் இந்த இரண்டு வகையும் உண்டு என்பதை இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. க.நா.சு. பட்டியல் போட்டார். சி.சு. செல்லப்பா அலசினார். 1959இலிருந்து 1970வரை 119 இதழ்கள் 'எழுத்து' நடத்தி, ஒரு கவிதை ஏன் கவிதை என்று வரிவரியாகச் சொல்ல அவர் பட்ட பாட்டைவிட, க.நா.சு.வின் பட்டியல்களே அதிகம் ஞாபகத்தில் நின்றன. பட்டியலில் பெரும்பாலும் சரியான பெயர்கள்தான் இருந்தன என்பது பட்டியலுக்குச் சாதகமாகச் சொல்லப்படும் வாதம். நானும் பல காலம் அதைச் சொல்லியிருக்கிறேன். தீர்ப்பு சரியாக இருந்தால் போதாதா, காரணம் எதற்கு? இந்தக் கேள்வியை ஜூலை மாதம் பூராவும் டீக்கடையில் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன்.

காரணம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் சையத் அப்துல் ரஹீமுக்குப் போக வேண்டியிருக்கிறது. ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவருடைய ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி 1950இலிருந்து 1954வரை தொடர்ந்து ஐந்து வருஷம் ரோவர்ஸ் கோப்பையை வாங்கியது. 1951இல் டெல்லியிலும் 1962இல் ஜகார்த்தாவிலும் ஆசிய விளையாட்டுத் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காவது இடம், எல்லாம் அவர் பொறுப்பில் வந்தவை. பலவீனமான காலால் மட்டுமே பந்தை உதைக்கலாம் என்று விதி வைத்து ஆட்டங்கள் நடத்துவார் என்பார்கள். ஜகார்த்தாவில் தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. தலையால் பந்தைத் தடுத்தே வாழும் ஒரு ஆளுக்குத் தலை உதவாது என்றால் என்ன செய்வது? ரஹீம் அவரை முன்வரிசைக்கு அனுப்பினார். அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக ஜர்னைல் ஒரு கோல் போட்டார். தென் கொரியாவுடன் இறுதி ஆட்டத்தில், முதல் சுற்றில் இந்தியாவை 2-0 என்று வென்றிருந்த அதே அணிக்கு எதிராக, இன்னொன்று. இந்தியா 2-1. ரஹீமுக்கு அப்போது புற்றுநோய். அடுத்த வருஷம் ஜூன் மாதம் இறந்துபோனார்.

இந்த ஒரு மாற்றத்தை எந்த ரசிகனும் டீக்கடையிலிருந்து யோசனை சொல்லியிருக்க முடியாது. பக்கத்திலிருந்து பல நாள் பார்த்தவனுக்கே அது தோன்றும். பார்த்ததற்கும் சொன்னதற்கும் நடுவில் தூரமில்லை.

தூரத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவனிடமே வேலையைக் கொடுத்த கதையும் ஒன்று உண்டு. 1969இல் பிரேசில் தன் தேசிய அணியை ஜோவா சல்தான்யா என்ற பத்திரிகை எழுத்தாளரிடம் ஒப்படைத்தது. முன்பு போட்டபோகோ அணிக்குப் பயிற்சி தந்து 1957இல் ரியோ பட்டம் வாங்கித் தந்தவர்தான் என்றாலும், தேசம் அவரை அறிந்தது அவருடைய விமர்சனங்களால். தகுதிச் சுற்றின் ஆறு ஆட்டங்களையும் ஜெயித்துக் கொடுத்தார். 1970 மார்ச்சில் நீக்கப்பட்டார். சகாலோ வந்தார். அந்த ஜூன் மாதம் மெக்சிகோவில் உலகக் கோப்பை பிரேசிலுக்குப் போயிற்று. நம்மில் பலருக்குச் சல்தான்யா கதை இனிக்கும். விமர்சகனும் ஜெயிப்பான் என்பதற்கு அத்தாட்சி. எனக்கும் இனித்தது. ஆனால் எனக்குச் சல்தான்யாவைச் சொல்லிக்கொள்ள யோக்யதை இல்லை. அதற்கான காரணத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

2008. நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் வருஷம். கல்லூரிக் கால்பந்து அணியில் மாற்று ஆட்டக்காரன், இடது பின்வரிசை. உடற்கல்வி இயக்குநர் ஓய்வு பெறவிருந்தார். அவர் பயிற்சி என்று எதுவும் தந்ததில்லை. தந்தவர் மார்க்கர். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுகிற தினக்கூலி ஆள். ஒரு மில் அணிக்கு ஆடியவர், ஐம்பத்தைந்து வயசிருக்கும், எங்களுக்கெல்லாம் அண்ணாச்சி. விடியற்காலை ஐந்து மணிக்கு வாளியும் கயிறுமாக வந்து கோடு போட்டு முடிப்பார். பிறகு விசிலை எடுத்து வாயில் வைத்துக்கொள்வார். "ஓடு", "பாரு", "குடு" என்ற மூன்று சொற்களுக்கு மேல் அவர் அதிகம் பேசிக் கேட்டதில்லை. மூன்று ஆட்டத்தில் இரண்டில் என்னை வெளியே உட்கார்த்திவிடுவார்.

பழைய மாணவர்கள் பணம் போட்டு அணிக்கென்று தனிப் பயிற்சியாளர் வைக்கலாம் என்றார்கள். ஹாஸ்டல் படிக்கட்டில் மூன்று வாரம் இரவெல்லாம் விவாதம். யாரைப் போடலாம்? அண்ணாச்சியையே போடலாம் என்றார்கள் சிலர். பாட்டியாலாவில் தேசிய விளையாட்டுக் கழகத்தில் டிப்ளமா வாங்கிய ஒருவர் பக்கத்து ஜில்லாவில் இருக்கிறார், அவரைக் கூப்பிடலாம் என்றார்கள் மற்றவர்கள். வாதாடியவர்களில் ஆடுகிறவர்கள் குறைவு. அவர்கள் காலையில் ஐந்து மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்று ஒன்பதரைக்கே படுத்துவிடுவார்கள். நான் கடைசிவரை உட்கார்ந்திருப்பேன். டிப்ளமா கட்சி. விஞ்ஞானபூர்வமான பயிற்சி, நவீன முறை என்றெல்லாம் பேசினேன். நன்றாகப் பேசினேன் என்பதால் முதல்வருக்கு மனு எழுதும் வேலை எனக்கு வந்தது.

ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். அதில் ஒரு வாக்கியம். மைதானத்தின் கோடுகளைப் போடத் தெரிந்த ஒருவருக்கு அந்தக் கோடுகளுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆங்கிலத்தில் இது இன்னும் கச்சிதமாக இருந்தது. படிக்கட்டில் வாசித்துக் காட்டியபோது கைதட்டினார்கள். நான் எழுதிய ஒரு வாக்கியத்துக்குக் கிடைத்த முதல் கைதட்டல். அறுபது பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள்.

நாலைந்து நாள் கழித்து அண்ணாச்சி என்னை மைதானத்தின் ஓரத்து வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டார். கையில் மனுவின் ஜெராக்ஸ். ஆபீசில் யாரோ எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

"தம்பி, நீ இங்கிலீசு படிக்கிற பிள்ள. இதுல என்ன போட்டுருக்குன்னு வாசிச்சுச் சொல்லு."

வாசித்தேன். நான் எழுதியதை நானே தமிழாக்கி, வரிவரியாக. விஞ்ஞானபூர்வமான பயிற்சி, நவீன முறை, டிப்ளமா எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஒரு வாக்கியத்தைத் தாண்டிப் போய்விட்டேன். என் குரல் சீராகவே இருந்தது என்பதும் ஞாபகத்தில் இருக்கிறது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் அண்ணாச்சி."

"கோடு போடுதவனப் பத்தி ஒரு வரி இருக்காமே. ஆபீஸ்ல எல்லாவனும் அதச் சொல்லித்தான் சிரிக்கானுவ."

வேறு வழியில்லாமல் அதையும் வாசித்தேன். அவர் காகிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"கோடு போடுதவனுக்குத்தான் தம்பி தெரியும். காலைல வந்து எங்க எங்க சுண்ணாம்பு அழிஞ்சு கெடக்குன்னு நாந்தான பாக்கேன். எவன் ஓடுனான், எவன் நின்னான்னு கோடே சொல்லிரும். எடது பக்கம் நீ நிக்கிற அன்னைக்கு மட்டும் கோடு போட்டது போட்டபடி கெடக்கும்."

கோபமாகச் சொல்லவில்லை. பயிற்சி நேரத்தில் "பாரு" என்று சொல்வாரே, அதே தொனி. வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மனுவை எழுதியது நான் என்று தெரிந்துதான் என்னிடம் கொண்டுவந்தாரா என்று பலநாள் யோசித்திருக்கிறேன். தெரிந்துதான் கொண்டுவந்தார். கல்லூரியில் அப்படி ஒரு வாக்கியத்தை எழுதக்கூடியவன் வேறு யாரும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்த விஷயத்தைச் சிக்கலாக்குகிறது. டிப்ளமாக்காரர் வந்தார். நல்ல மனிதர், தொழில் தெரிந்தவர். ஆட்டத்துக்கு முன்னால் உடம்பை எப்படிச் சூடாக்குவது, அடிபட்ட காலை எப்படிப் பார்த்துக்கொள்வது, எதிரணியின் ஆட்டத்தை எப்படி எழுதி வைத்துக்கொள்வது என்று அண்ணாச்சி தராத பலவற்றைப் பையன்களுக்குத் தந்தார். அணி முன்பைவிட நன்றாகவே ஆடியது. அண்ணாச்சி அவருக்குக் கீழே கோடு போட்டுக்கொண்டிருந்தார். நான் மைதானத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன். படிப்பு முடிந்த பிறகும் அவரைப் பார்க்கப் போகவில்லை.

ஆக, என் தீர்ப்பு சரி. மனுவில் கேட்டது நியாயமானதுதான். காரணம் மட்டும் பொய். விஞ்ஞானமும் இல்லை, நவீனமும் இல்லை. என்னை வெளியே உட்கார்த்தியவர் மேல் இருந்த ஆத்திரத்துக்கு நல்ல ஆங்கிலத்தில் ஒரு சட்டை. டைல்ஸ்காரனின் மேஸ்திரியை நான் அவ்வளவு சுலபமாகக் கண்டுபிடித்ததற்கு இதுதான் ரகசியம்.

தீர்ப்பு சரியாக இருந்தால் காரணம் எதற்கு என்ற கேள்விக்கு என் உத்யோகத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. வங்கியில் கடன் கொடுக்கும்போது பரிந்துரைக்கான காரணத்தை எழுத வேண்டும். ஆடிட்டர் வந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பார். நிலத்தைப் பார்க்காமலே பார்த்ததாக எழுதியிருந்தால் மாட்டிக்கொள்வோம். "கடன் வட்டியோடு திரும்பிவிட்டது சார்" என்று சொல்லித் தப்ப முடியாது. திரும்பி வந்தது வாங்கியவனுடைய நாணயம். பார்க்காமல் எழுதியது உன்னுடைய நாணயம். இரண்டும் வேறு கணக்கு. வங்கியில் சேர்ந்த புதிதில் இதை வெறும் சிவப்பு நாடா என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை.

2025 ஆகஸ்ட் 1ஆம் தேதி காலித் ஜமீல் நியமிக்கப்பட்டார். 2012இல் சாவியோ மெதெய்ரா போன பிறகு அந்த இடத்துக்கு வந்த முதல் இந்தியர். 2017இல் ஐஸால் என்ற சின்ன அணியை ஐ லீக் பட்டம் வாங்கவைத்தவர். அதிகம் பேசாதவர் என்கிறார்கள். நம்மாள் கட்சிக்காரன் அன்று எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். மத்திய ஆசிய நாடுகளின் போட்டியில் தஜிகிஸ்தானை 2-1 என்று வென்று, செப்டம்பர் 8ஆம் தேதி ஓமனைப் பெனால்டியில் தோற்கடித்து இந்தியா மூன்றாவது இடம் பெற்றபோது டைல்ஸ்காரனும் ஒத்துக்கொண்டான். அக்டோபர் 14ஆம் தேதி கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்குப் போகும் வழி அடைந்தது. நவம்பர் 18ஆம் தேதி டாக்காவில் வங்கதேசத்திடம் ஒரு கோலில் தோல்வி. 2003க்குப் பிறகு அவர்களிடம் முதல் தோல்வி. மறுநாள் சாயங்காலம் பெஞ்சில் மறுபடியும் அதே கேள்வி. யாரைப் போடலாம்? ஆகஸ்டில் டீ வாங்கிக் கொடுத்தவன்தான் முதலில் கேட்டான். பிறகு, நான்கு வருஷத்தில் முதல் தடவையாக, என் பக்கம் திரும்பினான்.

"சார், நீங்க சொல்லுங்க. படிச்சவுங்க."

"மேட்ச் பாத்தீங்களா?" என்றேன்.

"ஹைலைட்ஸ் பாத்தோம் சார்."

"முழுசா?"

ஒருவரும் பதில் சொல்லவில்லை. நானும் பார்த்திருக்கவில்லை. அதைச் சொன்னேன். கடைக்காரர் மகன் சிரித்துவிட்டான். வாதம் அத்தோடு நின்றுவிடவில்லை, நிற்கவும் கூடாது. ஓட்டு இல்லாத இடத்தில் பேச்சாவது இருக்கட்டும். ஆனால் அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு வேறொன்று தட்டுப்பட்டது. இந்தக் கட்டுரையை எழுதுவதே அதற்காகத்தான்.

சென்ற வருஷம் இதே பத்திரிகையில் ஒரு இளம் கவிஞரின் முதல் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். அதில் ஒரு வாக்கியம்: வரிகளை உடைக்கத் தெரிந்த ஒருவருக்கு அந்த வரிகளுக்கு இடையில் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அதைப் பாராட்டி மூன்று நண்பர்கள் எழுதினார்கள். ஒருவர் தன் கட்டுரையில் மேற்கோள் காட்டினார். பதினேழு வருஷத்துக்கு முன் வேப்பமரத்தடியில் தாண்டிப்போன அதே வாக்கியம். சுண்ணாம்பைத் தட்டிவிட்டுக் கவிதைக்குப் போட்டிருக்கிறேன். எழுதும்போது எனக்கு அது தெரியவில்லை. புதிதாகத் தோன்றியதாகவே சந்தோஷப்பட்டேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொகுப்பில் ஐம்பத்திரண்டு கவிதைகள். மதிப்புரை எழுதும்போது நான் படித்திருந்தது முப்பதுக்குள்.

டாக்கா ஆட்டத்துக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை தொகுப்பை எடுத்து மீதியைப் படித்தேன். பிறகு முதலிலிருந்து ஒரு தடவை. என் அபிப்ராயம் பெரிதாக மாறிவிடவில்லை. பாதிக் கவிதைகளில் வரி உடைவது கண்ணுக்காகத்தான், காதுக்காக அல்ல என்று இன்றும் சொல்வேன். ஆனால் பின்பாதியில், தறி நெய்கிற அப்பாவைப் பற்றிய நான்கு கவிதைகளில், வரி உடைகிற இடமெல்லாம் நாடா ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போய்த் திரும்புகிற இடம். அதைப் பார்த்திருந்தால் அந்த வாக்கியத்தை எழுதியிருக்க மாட்டேன். எழுதியிருந்தால் பொய் என்று தெரிந்தே எழுதியிருப்பேன்.

அந்த வாக்கியத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தொகுப்பைப் பற்றி அடுத்த இதழுக்கு மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். நீளமாக இருக்கும். மேற்கோள் காட்டும்படியாக எதுவும் இருக்காது.